தலையில்லாத கடிதங்கள்: மைசூர் அஞ்செயும் 19ஆம் நூற்றாண்டுத் தபால் உறைகளும்

(மைசூரு அக்ரஹாரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மைசூர் சமஸ்தானம் தன் பெயரில் ஒரு தபால்தலைகூட வெளியிட்டதில்லை. ஜம்மு காஷ்மீர் 1866இலும், ஹைதராபாத் 1869இலும், திருவிதாங்கூர் 1888இலும், கொச்சி 1892இலும் தத்தம் தலைகளை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டன. தபால் நடத்திய பழமையில் மைசூர் இவற்றில் எதற்கும் இளைத்ததில்லை. ஆயினும் தபால்தலைப் பட்டியல் நூல்களில் சமஸ்தானங்களின் வரிசையைப் புரட்டினால் மைசூருக்கென்று ஒரு பக்கம் கிடையாது. அதனால் மைசூரின் 19ஆம் நூற்றாண்டுத் தபாலைச் சேகரிக்க விரும்புகிறவருக்கு ஒரே வழிதான் உண்டு. கடிதம் போன உறையை, அதன்மேல் விழுந்த முத்திரையை, ஓரத்தில் எழுத்தர் கிறுக்கிய கட்டணக் குறிப்பைச் சேகரிக்க வேண்டும். தென்னிந்தியத் தபால் சேகரிப்பு முழுவதற்குமே இது நல்ல தொடக்கம். ஒட்டிய தலையைவிட உறைதான் அதிகம் பேசும் என்பதை மைசூர் உறைகள் தலையின் உதவியே இல்லாமல் காட்டிவிடுகின்றன.

மைசூரின் சொந்தத் தபால் துறைக்கு அஞ்செ என்று பெயர். அதை ஏற்படுத்தியவர் சிக்கதேவராஜ உடையார். தொடங்கிய ஆண்டாக 1672ஐக் குறிப்பது வழக்கம். அந்தத் தபால் ஊர்ப் பொதுமக்களின் க்ஷேம சமாசாரங்களுக்காகப் பிறந்ததல்ல. அரண்மனையின் உத்தரவுகள் எல்லைக் கோட்டைகளுக்குப் போகவும், எல்லையில் நடப்பது அரண்மனைக்கு வந்து சேரவும் அது ஏற்பட்டது. 1803 முதல் 1808 வரை மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் தமது தென்னிந்திய வரலாற்றில் இந்தத் துறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கடிதம் சுமப்பதோடு வேவு பார்ப்பதும் அஞ்செ ஊழியர்களின் வேலையாக இருந்தது என்பது அவர் தரும் செய்தி. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இந்த அமைப்பைக் கைவிடவில்லை. படை நகர்வும் உளவும் நாள்தோறும் தேவைப்பட்ட அவர்களுடைய ஆட்சியில் அஞ்செக்கு வேலை கூடியது.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் மைசூர் நாட்டில் இரண்டு தபால்கள் பக்கத்துக்குப் பக்கம் ஓடத் தொடங்கின. ஒன்று மீண்டும் உடையார்கள் கைக்கு வந்த சமஸ்தானத்தின் அஞ்செ. மற்றொன்று சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி நீட்டிய தபால். கம்பெனியின் படைமுகாம்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெங்களூரிலும் பிரெஞ்ச் ராக்ஸிலும் இருந்ததால் அந்தத் தபால் அவற்றைச் சுற்றியே வளர்ந்தது. பிரெஞ்ச் ராக்ஸ் இன்றைய பாண்டவபுரம். அஞ்செ உள்நாட்டுக் கிராமங்கள் வரை போயிற்று. காலப்போக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களின் கடிதங்களையும் எடுத்துச் சென்றது. 1831இல் நிர்வாகம் பிரிட்டிஷ் கமிஷனர்கள் கைக்குப் போனபோதும், 1881 மார்ச் 25ஆம் தேதி அரசு உடையார்களிடம் திரும்பியபோதும் இந்த இரட்டை ஏற்பாடு நீடித்தது. அரசு திரும்பியபின் முதல் திவானாக இருந்தவர் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த சி. ரங்காசார்லு. அவருக்குப்பின் 1883இல் பதவியேற்றவர் பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பத்தில் பிறந்த கே. சேஷாத்ரி அய்யர். அவர் திவானாக இருந்த காலத்தில், 1889இல், அஞ்செ இந்திய அரசின் தபால் துறையோடு இணைந்தது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய ஒரு தபால், தலை என்ற ஒன்றை ஒட்டாமலேயே தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது.

திவான் கச்சேரியில் எழுத்தராகவும் சிரஸ்தாராகவும், தாலுகாக்களில் அமல்தாராகவும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் அந்தக் காலத்தில் மைசூருக்கு வந்து நிலைத்தன. கும்பகோணத்திலும் செங்கல்பட்டிலும் பாலக்காட்டிலும் இருந்த பந்துக்களுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களும், அங்கிருந்து வந்த பதில்களும் இரண்டு தபால்களையும் கண்டவை. மைசூருக்குள் ஒரு தாலுகாவிலிருந்து இன்னொரு தாலுகாவுக்கு அஞ்செ. சமஸ்தான எல்லையைத் தாண்டினால் கம்பெனித் தபால், 1858க்குப்பின் ராணியின் தபால். அக்ரஹாரம் போன்ற பழைய குடியிருப்புகளின் பரண்களில் நிலப்பத்திரம், ஜாதகக் கட்டு, கல்யாணச் செலவுக் கணக்கு ஆகியவற்றோடு சேர்ந்து கிடக்கும் கடிதக் கட்டுகளுக்கு இதனால்தான் இவ்வளவு மதிப்பு. வீட்டை இடிக்கும்போது பத்திரங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடுவது இன்னும் நடக்கிறது. தென்னிந்தியத் தபால் வரலாற்றுக்கு நேர்ந்த நஷ்டத்தில் பெரும்பங்கு அந்தத் தராசில் நேர்ந்ததுதான்.

தலை வருவதற்கு முந்திய கடிதத்துக்குப் பெரும்பாலும் தனி உறையே கிடையாது. எழுதிய தாளையே மடித்து, ஓரத்தை உள்ளே செருகி, அரக்கு வைத்து முத்திரை குத்தி, வெளிப்புறத்தில் விலாசம் எழுதினார்கள். ஆகவே அந்தக் காலத்து ‘உறை’ ஒன்றைக் கையில் எடுப்பவர் கடிதத்தையே எடுக்கிறார். விலாசப் பக்கத்தில் புறப்பட்ட ஊரின் முத்திரை, தேதி, எடை, கட்டணம் ஆகியவை இருக்கும். கட்டணத்தை அனுப்புகிறவர் முன்பே கட்டியிருந்தால் ‘பெய்டு’ என்ற குறிப்பு, கட்டாவிட்டால் ‘பேரிங்’. பேரிங் கடிதத்துக்குப் பெறுகிறவர் பணம் கொடுக்க வேண்டும். அஞ்செக் கடிதங்களில் ஊர்ப்பெயர் முத்திரைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். விலாசமோ கன்னடம், தமிழ், மராத்தியின் மோடி எழுத்து என்று எதிலும் இருக்கலாம். இவற்றில் மோடி எழுத்துக்குத்தான் இன்று வாசகர்கள் மிகக் குறைவு. மோடி வாசிக்கத் தெரிந்த ஒருவர் நட்பில் இல்லாமல் மைசூர் உறைகளைச் சேகரிப்பது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சேகரிப்பதாகும்.

கம்பெனித் தபாலின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 1837ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம் எடையையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதன்படி கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதத்துக்கு ஒரு ரூபாய் ஆயிற்று. ஒரு ரூபாய் அந்நாளில் கூலிக்காரர் பல நாள் உழைத்துச் சேர்க்கும் தொகை. எனவே கடிதம் எழுதியவர்கள் வணிகர்களும் அதிகாரிகளும் படையினரும்தான். பொதுமக்களின் செய்திகள் யாத்திரைக்குப் போகிறவர் மடியிலும் வண்டிக்காரர் வாயிலும் போயின.

இதை மாற்றியது 1854. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் வந்த தபால் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தூரக் கணக்கை ஒழித்தது. கால் தோலா வரை எடையுள்ள கடிதம் இந்தியாவுக்குள் எங்கே போனாலும் அரை அணா. அரைத் தோலாவுக்கு ஓர் அணா. ஒரு தோலாவுக்கு இரண்டு அணா. தலை ஒட்டாமல் போட்டால் இரட்டிப்புக் கட்டணம். ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம், கால் தோலா மூன்று கிராமுக்கும் குறைவு. இந்த எடையைத் தெரிந்துகொண்டால் அக்காலக் கடிதங்கள் ஏன் அவ்வளவு மெல்லிய தாளில், இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, இண்டு இடுக்கு விடாமல் எழுதப்பட்டன என்பது விளங்கும். எடை மிஞ்சினால் அரை அணா ஓர் அணாவாகிவிடும். 1869இல்தான் அரை அணாவுக்கு அரைத் தோலா என்று வரம்பு தளர்ந்தது. கால் அணாக் கார்டு 1879 ஜூலையில் வந்தது. உறையின் எடை, ஒட்டிய தலையின் மதிப்பு, தேதி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சேகரிப்பவரின் முதல் பயிற்சி. பொருந்தாத உறையில் ஏதோ ஒரு கதை இருக்கிறது, அல்லது ஒரு மோசடி இருக்கிறது.

இந்தியத் தபால்தலையின் கதை சிந்துவில் தொடங்குகிறது. அங்கே கமிஷனராக இருந்த பார்ட்டில் ஃப்ரேர் 1852 ஜூலை 1ஆம் தேதி ‘சிந்த் டாக்’ என்ற வட்டத் தலைகளை வெளியிட்டார். ஆசியாவிலேயே முதல் தபால்தலை அதுதான். மதிப்பு அரை அணா. முதலில் வந்தது சிவப்பு அரக்கு வில்லை. அது உடைந்து உதிர்ந்தது. அடுத்து வெள்ளைத் தாளில் நிறமில்லாத புடைப்பு அச்சு. அது மங்கிய விளக்கொளியில் கண்ணுக்குப் படவில்லை. பிறகு அதே புடைப்பு நீல நிறத்தில். 1854இல் நாடு முழுமைக்குமான தலைகள் வந்ததும் சிந்த் டாக் நின்றுபோனது. அரக்கு வில்லை உடையும் இயல்புள்ளதால் முழுதாகத் தப்பியவை மிகச் சில.

1854ஆம் ஆண்டுத் தலைகளை அச்சிட்ட விதம் இந்திய அச்சுத் தொழிலின் வரலாற்றிலேயே ஒரு நல்ல அத்தியாயம். கல்கத்தாவில் நில அளவைத் துறையின் துணைத் தலைவராக இருந்த கேப்டன் ஹென்றி துல்லியர், தேசப்படங்கள் அச்சிட்டுப் பழகிய தமது கல்லச்சுக் கூடத்தில் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். முதலில் அரை அணாத் தலையைச் செந்தூரச் சிவப்பில் அச்சிட்டார்கள். அதன் இருபக்கச் சட்டத்தில் ஒன்பதரை வளைவுகள் இருந்ததால் சேகரிப்பவர்கள் அதை ‘ஒன்பதரை வளைவு’ என்றே அழைக்கிறார்கள். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே இங்கிலாந்திலிருந்து வந்த செந்தூர மை தீர்ந்தது. உள்ளூர்ச் செந்தூரத்தைப் போட்டபோது அது கல்லில் பதிந்திருந்த உருவைக் கெடுத்துவிட்டது. அந்தத் தலை முறைப்படி வெளிவரவே இல்லை. எட்டு வளைவுகளோடு புது உரு வரைந்து, நிறத்தையும் நீலமாக மாற்றினார்கள். ஒரு மைக்கட்டி தீர்ந்ததனால் இந்தியாவின் அரை அணா நீலமாயிற்று, சிவப்பு ஓர் அணாவுக்குப் போயிற்று.

நீல அரை அணாவின் தாளொன்றில் 96 தலைகள். கல் தேயத் தேய உருவை மறுபடி வரைந்ததால் அரை அணா, ஓர் அணா ஆகிய இரண்டு தலைகளிலும் மூன்று மூன்று வார்ப்புகள் உண்டு. ராணியின் கன்னக்கதுப்பு, கிரீடத்தின் கோடுகள், எழுத்தின் அகலம் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய வேண்டும். இரண்டு அணாப் பச்சை மட்டும் கல்லச்சில் வராமல் செப்பு வார்ப்புகளைக் கொண்டு எழுத்தச்சு முறையில் வந்தது. தாள்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய சின்னம் வாட்டர்மார்க்காக இருந்தது. தாள் முழுவதும் பரவிய ஒரே சின்னம் என்பதால், ஒரு தனித் தலையை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தச் சின்னத்தின் ஏதோ ஒரு துண்டுதான் தெரியும். சில தலைகளில் அதுவும் தெரியாது.

நான்கு அணாத் தலை எல்லாவற்றிலும் சிறப்பானது. கனமான கடிதங்களுக்கு ஆன தலை அது. அதை இரண்டு நிறத்தில் அச்சிட்டார்கள்: முதலில் எண்கோணச் சட்டம் சிவப்பில், பின்னர் ராணியின் தலை நீலத்தில். உலகின் முதல் இருநிறத் தலைகளுள் இது ஒன்று. ஒவ்வொரு தாளும் இரண்டு முறை கல்லுக்குப் போனது. ஒருமுறை ஏதோ ஒரு கை தாளைத் தலைகீழாக வைத்துவிட்டது. சட்டத்துக்குள் ராணி தலைகீழாக நிற்கும் அந்தப் பிழைத்தலைகள் இன்று உலகம் முழுவதிலும் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. 1854ஆம் ஆண்டின் தலைகளுக்குப் பல்விளிம்பு கிடையாது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் ஒட்டினார்கள். நான்கு அணாவின் சட்டம் எண்கோணம் என்பதால் பலர் மூலைகளைக் களைந்து எண்கோணமாகவே வெட்டினார்கள். தலைகீழ் ராணியின் பிரதிகளில் பெரும்பாலானவை இப்படி மூலை போனவை. நான்கு மூலையும் சதுரமாக நிற்கும் பிரதிக்கும் மூலை களைந்த பிரதிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தைக் கேட்டால் அந்தக் கத்தரிக்கோலின் மீது வருத்தம் வரும்.

அந்தக் கத்தரிக்கோல் அத்தோடு நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலை சேகரிப்பு ஒரு பொழுதுபோக்காகப் பரவியபோது, உறையிலிருந்து தலையை வெட்டி எடுப்பதே முறை என்று ஆயிற்று. நீரில் ஊறவைத்துக் கழற்றி, ஆல்பத்தின் கட்டத்துக்குள் ஒட்டினார்கள். உறை குப்பைக்குப் போயிற்று. இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அமெரிக்க உதாரணம் ஒன்று நன்றாகக் காட்டும். அமெரிக்க அரசு தன் முதல் தலைகளை 1847 ஜூலை 1ஆம் தேதி வெளியிட்டது: ஐந்து சென்டில் ஃபிராங்க்ளின், பத்து சென்டில் வாஷிங்டன். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் நியூயார்க், செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களின் போஸ்ட்மாஸ்டர்கள் தம் பொறுப்பிலேயே தலைகள் அச்சிட்டுக்கொண்டார்கள். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் வந்தவை வட்டமான ஐந்து சென்ட் தலைகள். அவற்றில் நீலத் தாளில் அச்சான ஒன்றே ஒன்று தப்பியிருக்கிறது. அதற்கு ‘ப்ளூ பாய்’ என்று பெயர். அது உறையோடு தப்பியதால்தான் யார் யாருக்கு எழுதியது என்பது தெரிகிறது: வீட்டாருக்குத் தெரியாமல் ஓர் இளைஞர் தம் காதலிக்கு 1847இல் எழுதிய கடிதம் அது. படித்ததும் எரித்துவிடும்படி கேட்டிருந்தார். அந்தப் பெண் எரிக்கவில்லை. 1907இல் அது தையல் பெட்டி ஒன்றிலிருந்து வெளியே வந்தது. 1981இல் பத்து லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வெட்டியெடுத்து ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் அது அரிய தலையாக மட்டுமே இருந்திருக்கும். கடிதத்துக்குரிய இருவரும் காணாமல் போயிருப்பார்கள்.

உறையில் இருக்கும் முத்திரைகளைப் படிப்பது தனிக் கல்வி. 1854க்குப்பின் தலையைச் செல்லாததாக்க அடித்த முத்திரைகளில் கோடுகள் அல்லது புள்ளிகளின் நடுவே ஓர் எண் இருக்கும். அந்த எண் ஒரு தபால் நிலையத்தைக் குறிக்கும். வங்காள வட்டத்துக்கு ஆங்கில ‘பி’ எழுத்தும் சென்னை வட்டத்துக்கு ‘சி’ எழுத்தும் எண்ணோடு சேர்ந்து வந்தன. ஜால் கூப்பர் என்ற பம்பாய் வணிகரின் ஆரம்பகால இந்திய முத்திரைகள் பற்றிய நூல் இத்துறையில் கைநூலாக இருக்கிறது. இந்த எண்கள் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல சாட்சி. 1867 வரை நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியத் தலைகளையே பயன்படுத்தின. ‘பி 172’ என்ற முத்திரை விழுந்த இந்தியத் தலை சிங்கப்பூரில் புழங்கியது. ‘பி 147’ பினாங்கு, ‘பி 109’ மலாக்கா. இந்தியத் தலை என்று மதித்து மலிவாக விற்ற ஒன்றில் இந்த எண்ணைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைப்பது மலாயாவின் முதல் தபால் வரலாறு. 1867 செப்டம்பர் 1 முதல் அங்கே கிரீடமும் சென்ட் மதிப்பும் மேலச்சடித்த இந்தியத் தலைகள் வந்தன. பர்மாவோ 1937 வரை இந்தியத் தலைகளோடே இருந்தது.

தமிழர் கடிதங்களில் தேதி குறிக்கும் வழக்கம் சேகரிப்பவருக்கு ஒரு தடையும் ஒரு துணையுமாகும். உள்ளே எழுதியவர் தமிழ் வருஷப் பெயரையும் மாதத்தையும் தேதியையும் தமிழ் எண்களில் போட்டிருப்பார். வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருஷம் என்றால் 1876–77. அதற்கு முந்தைய சுற்றில் 1816–17. தென்னாட்டையும் மைசூரையும் சேர்த்து வதைத்த பெரும் பஞ்சம் 1816–17இல் நடக்கவில்லை, 1876–77இல்தான் வந்தது. மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நினைவில் வைத்தார்கள். கடிதத்தில் பஞ்சம், அரிசி விலை பற்றிய பேச்சு இருந்தாலும், வெளிப்பக்கத்து முத்திரையின் தேதிதான் சந்தேகத்தை முடிக்கும். மைசூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னட வருஷம் யுகாதியில் பிறக்கிறது, தமிழ் வருஷம் சித்திரையில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் எழுதிய ஒரே நாள் கடிதம் கன்னடக்காரர் கையில் புது வருஷத்தையும் தமிழர் கையில் பழைய வருஷத்தையும் தாங்கியிருக்கும். முத்திரை இல்லாத அஞ்செக் கடிதங்களுக்கு ஆண்டு குறிப்பவர்கள் இதை மறந்தால் ஓராண்டு தவறிவிடும்.

அஞ்செயோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உறவு திருவிதாங்கூர் அஞ்சல். அதன் முதல் தலைகள் 1888 அக்டோபர் 16ஆம் தேதி வந்தன. நடுவில் சமஸ்தானச் சின்னமான வலம்புரிச் சங்கு, மதிப்பு சக்கரத்தில். ஒன்று, இரண்டு, நான்கு சக்கரம் என மூன்று தலைகள். முதலில் கோடோடிய தாளில் அச்சானது, அடுத்த ஆண்டிலேயே சங்கு வாட்டர்மார்க் உள்ள தாளுக்கு மாறியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய தமிழ்ப் பகுதிகள் அப்போது அந்தச் சமஸ்தானத்தில் இருந்தன. ஆகவே நாகர்கோவிலிலிருந்து சங்குத் தலை ஒட்டித் தமிழில் விலாசமெழுதிய உறைகள் கிடைக்கின்றன. அவை தமிழ்நாட்டின் தபால் வரலாறா, கேரளத்தின் தபால் வரலாறா என்ற கேள்வி சேகரிப்பவர்கள் கூடும் இடங்களில் எழுவதுண்டு. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அஞ்செ மறைந்து அறுபது ஆண்டுக்கு மேல் கழித்து, 1951 ஏப்ரல் 1 முதல், இந்த அஞ்சலும் இந்தியத் தபாலோடு கலந்தது.

கடல் கடந்தால் இலங்கை. அங்கே முதல் தலை 1857 ஏப்ரல் 1ஆம் தேதி வந்த ஆறு பென்ஸ். 1859இல் வந்த மங்கிய ரோஜா நிற நான்கு பென்ஸ், எண்கோண வடிவில் பல்விளிம்பு இல்லாதது. இலங்கைத் தலைகளில் மிக அரியது என்று பெயர் பெற்றது அதுதான். நான்கு அணாவுக்கு நேர்ந்த கத்தரிக்கோல் கதி இதற்கும் நேர்ந்தது.

ஆனால் தமிழரின் கடிதப் போக்குவரத்து முழுமையாகத் தெரிவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உறைகளில்தான். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று லேவாதேவிக் கடைகள் வைத்திருந்த அவர்கள் ஊருக்குத் தவறாமல் எழுதினார்கள். தேவகோட்டை, காரைக்குடி, கண்டனூர் விலாசங்களுக்கு வந்த அந்த உறைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே கிடைக்கின்றன. உலகச் சந்தையில் செட்டியார் உறைகள் என்றே அவற்றுக்குத் தனிப் பெயர் உண்டு. இத்தகைய உறை ஒன்றைப் புரட்டிப் பார்த்தால் அதன் முகத்தில் நீரிணைக் குடியேற்றத் தலையும் பினாங்கு முத்திரையும் இருக்கும். விலாசம் பெரும்பகுதி தமிழில்; ஊரும் ஜில்லாவும் மட்டும் தபால்காரருக்காக ஆங்கிலத்தில். பின்பக்கத்தில் கப்பல் வந்திறங்கிய நாகப்பட்டினத்தின் முத்திரை, அடுத்து வழியிலுள்ள ஊர், கடைசியில் விநியோக நிலையத்தின் முத்திரை. முன்பக்கத் தேதியிலிருந்து பின்பக்கக் கடைசித் தேதி வரை எண்ணினால் கப்பலும் ரயிலும் மாட்டுவண்டியும் எடுத்துக்கொண்ட நாட்கள் தெரியும். உள்ளே தாள் இருந்தால் பிள்ளையார் சுழியில் தொடங்கி வட்டி விகிதத்தில் முடியும். அந்நாளைய தென்கிழக்காசியாவின் பணச் சந்தையை அறிய இவற்றைவிட நேரான ஆவணம் குறைவு. பல வீடுகளில் இவற்றிலிருந்த தலைகளைப் பேரப்பிள்ளைகள் கிழித்தெடுத்துக்கொண்டார்கள். மூலையில் ஓட்டையோடு கிடைக்கும் உறைகூட வாங்கத் தக்கதே. பின்பக்க முத்திரைகள் அதில் இன்னும் இருக்கும்.

விலை ஏறிய இடத்தில் போலியும் ஏறும். சிந்த் டாக்கின் போலிகள் அசல்களைவிடப் பல மடங்கு அதிகம். 1854ஆம் ஆண்டுத் தலைகளிலும் பின்னாளில் அச்சிட்ட பிரதிகள் உண்டு. உறைகளில் நடக்கும் மோசடி வேறு வகை: உண்மையான பழைய தலையில்லாத கடிதத்தில் உண்மையான பழைய தலை ஒன்றை ஒட்டி, இடைவெளியில் முத்திரையை வரைந்துவிடுவது. இதைப் பிடிக்கச் சில சோதனைகள் உண்டு. முத்திரையின் மை தலையிலிருந்து உறைக்கு ஓடி, இரண்டையும் இணைக்க வேண்டும். தலையின் ஓரத்தில் வந்து நின்றுவிடக் கூடாது. முத்திரைத் தேதி அந்தத் தலை வெளிவந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். தலையின் மதிப்பு அந்நாளைய கட்டணத்தோடு ஒத்துவர வேண்டும். புற ஊதா விளக்கில் பிற்காலப் பசையும் வெளுத்துத் திருத்திய இடமும் வேறு நிறத்தில் ஒளிரும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் வாங்குவதை நிறுத்தி, நிபுணர் சான்றிதழ் கேட்பது நல்லது. லண்டனில் 1869இல் தொடங்கிய ராயல் தபால்தலைச் சங்கம் நெடுங்காலமாகச் சான்றிதழ் தருகிறது.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் காகிதத்துக்குப் பகை அதிகம். கரையானும் இராமபாணப் பூச்சியும் கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். ஈரப்பதம் கண்ணுக்குத் தெரியாதது. தாளில் துரு நிறப் புள்ளிகளாக அது வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். சென்னையையும் கடலோரக் கேரளத்தையும்விட மைசூரின் காற்று வறண்டது. ஆனாலும் ஆடி மாத மழைக்காலத்தில் பீரோவின் அடித்தட்டு பாதுகாப்பான இடமில்லை. உறைகளை அமிலமில்லாத தாளுக்கு நடுவே, தெளிவான பாலியெஸ்டர் உறைகளில், நிமிர்ந்த நிலையில் வைப்பது நல்லது. பிவிசி உறைகள் நாளடைவில் மையை இழுத்துவிடும். லேமினேஷன் செய்வது அழிப்பதற்குச் சமம். செல்லோடேப் ஒட்டிய இடம் பத்தாண்டில் பழுத்துவிடும். அதை எடுக்க முயன்றால் தாளின் மேற்பரப்பே கூட வரும். பழைய எழுத்து மையில் இரும்புச் சத்து உண்டு. நீரில் நனைத்தால் அது பரவித் தாளையே அரிக்கும். ஆகவே உறையை எதற்காகவும் நனைக்கக் கூடாது. அரக்கு முத்திரையுள்ள கடிதத்தைக் கோடையில் வெயில் படும் இடத்தில் வைத்தால் அரக்கு இளகி அடுத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் துறையில் உதவக்கூடிய அமைப்புகள் நாட்டில் இருக்கின்றன. இந்தியத் தபால்தலைச் சங்கம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. சென்னையில் தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கம் 1956இலும், பெங்களூரில் கர்நாடகத் தபால்தலைச் சங்கம் 1975இலும் தோன்றின. அவற்றின் கூட்டங்களில் பழைய உறைகள் கைமாறுகின்றன, முத்திரைகளைப் பற்றிய வாதங்கள் நடக்கின்றன. புதுடெல்லி டாக் பவனில் 1968இல் திறந்த தேசியத் தபால்தலை அருங்காட்சியகத்தில் சிந்த் டாக் முதலான தொடக்ககாலத் தலைகளைக் கண்ணால் காணலாம். அசலைப் பார்த்துப் பழகிய கண்தான் போலியில் தடுக்கும்.

மைசூரைச் சேகரிப்பவருக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. ஒவ்வொரு அஞ்செ முத்திரையும் எந்த ஊரில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை புழங்கியது என்ற பட்டியல், கையில் இருக்கும் உறைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் வளரும். அதற்கு ஒவ்வோர் உறையையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, முத்திரையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, எழுத்தின் மொழியையும் மையின் நிறத்தையும் குறித்து, உள்ளே இருக்கும் கடிதத்தின் வருஷப் பெயரைப் பஞ்சாங்கத்தோடு சரிபார்த்து எழுதிவைக்க வேண்டும். பரணிலிருந்து இறங்கும் கட்டில் எந்தக் கடிதம் எதனோடு கட்டப்பட்டிருந்தது என்பதையும் அவிழ்ப்பதற்கு முன்பே குறித்துக்கொள்வது அவசியம். முத்திரை மங்கிய ஒரு கடிதத்தின் ஊரும் ஆண்டும் பல வேளை அதன் பக்கத்தில் இருந்த கடிதத்திலிருந்துதான் தெரியவரும்.